உப்பும் சேறும்: கலங்கல் நீர் தெளிவதும் களர் நிலம் திருந்துவதும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பெய்து ஓய்ந்தபின், பெருமுக்கல் மலையைச் சூழ்ந்த கிராமங்களில் ஏரியும் குட்டையும் தாங்கலும் சேற்று நீரால் நிரம்பி நிற்பதைக் காணலாம். அந்நீரை ஒரு குடத்தில் முகந்து வைத்தால் மணல் உடனே அடியில் தங்குகிறது. வண்டல் சற்றுப் பொறுத்துத் தங்குகிறது. மேலே நிற்கும் கலங்கலோ ஒரு நாளில் தெளிவதில்லை. சில சமயம் ஒரு வாரம் கழிந்தும் தெளிவதில்லை. கிழக்கே கடலோரத்திலுள்ள மரக்காணம் உப்பளங்களுக்குச் செல்வோர்க்கு வேறொரு காட்சி புலப்படும். அங்கே பாத்திகளில் தேக்கப்படும் உவர் ஜலம் களித்தரையின் மேலேயே நின்றும், காற்று ஓய்ந்த வேளையில் அடித்தரை தெரியுமளவு தெளிந்திருக்கிறது.

இவ்விரண்டு நீருக்கும் உள்ள முக்கிய பேதம் உப்பேயாகும். உப்பு மிகுந்த ஜலத்தில் நுண்ணிய மண்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரண்டு அடியில் விழுகின்றன. உப்பு குறைந்த ஜலத்தில் அவை தனித்தனியே பிரிந்து மிதக்கின்றன. இது குடத்தோடும் உப்பளத்தோடும் முடிந்துவிடும் விஷயமன்று. வயலிலுள்ள களிமண்ணும் இதே விதிக்கு உட்பட்டது. உவர் ஏறிய நிலத்தை நல்ல தண்ணீர் பாய்ச்சிக் கழுவினால் போதும் என்று நம்பி, அவ்வாறே கழுவியபின், நிலம் முன்னைவிடக் கெட்டுச் சட்டியோடுபோல் இறுகக் கண்ட குடியானவர்கள் பல தேசங்களில் உண்டு. அதன் காரணத்தை அறிந்தவர்க்கு அதைத் தவிர்க்கும் வழியும் எளிதில் விளங்கும்.

துகளின் பருமனும் வீழும் வேகமும்

மண்ணிலுள்ள துகள்களில் மிக நுண்ணியது களி. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு அல்லது அதனினும் குறைந்த குறுக்களவு உடைய துகளையே மண்ணியலார் களி என்பர். இவ்வளவு பருமனுள்ள துகள் அசையாத நீரில் 10 சென்டிமீட்டர் இறங்குவதற்குச் சுமார் 8 மணி நேரம் பிடிக்கிறது. துகளின் குறுக்களவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அதன் வேகம் நூற்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே அத்தகைய துகள் அதே 10 சென்டிமீட்டர் இறங்க ஒரு மாதத்திற்கு மேல் வேண்டும். இதற்கிடையில் நீரின் இயற்கையான அசைவே அதனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கும். குடத்து நீர் தெளியாதிருப்பதன் முதற்காரணம் இதுவே.

இக்கணக்கை மறுபுறம் திருப்பியும் பார்க்கலாம். பல துகள்கள் ஒன்றுகூடிப் பத்து மடங்கு குறுக்களவுள்ள கட்டியாகத் திரண்டால், அக்கட்டி நெருக்கமாக அமைந்திருக்கும் பட்சத்தில், நூறு மடங்கு விரைவாக இறங்கும். எட்டு மணி நேர வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். உண்மையில் அக்கட்டிகள் பஞ்சுபோல் இடைவெளியுடன் அமைவதால் வேகம் அவ்வளவு இராது. எனினும் தனித்துகளைவிடப் பன்மடங்கு விரைவாகவே இறங்கும். நீர் தெளிவதும் தெளியாமையும் துகள்கள் ஒன்றுகூடுகின்றனவா இல்லையா என்பதைப் பொறுத்தவை.

துகள்கள் ஒன்றையொன்று விலக்குவது ஏன்?

களித்துகள் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் எதிர்மின்சாரம் தங்கியிருக்கிறது. ஒரே ஜாதி மின்சாரம் உடையவை ஒன்றையொன்று விலக்கும் என்பது விதி. அன்றியும், நீரில் கரைந்துள்ள உப்பு, அயனிகள் எனப்படும் மின்சாரமேறிய அணுக்களாகப் பிரிந்து நிற்கும். அவற்றுள் நேர்மின்சாரம் உடையவை களித்துகளால் இழுக்கப்பட்டு, அதனைச் சுற்றி ஒரு படலமாகக் குழுமுகின்றன. ஒவ்வொரு துகளும் இவ்விதப் படலம் ஒன்றைத் தன்னைச் சுற்றி வைத்துக்கொண்டிருக்கிறது.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். மழை நாளில் திருவிழாக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தாழங்குடை விரித்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். குடையும் குடையும் இடிப்பதால் ஒருவரையொருவர் நெருங்கிவர முடியாது. குடைகளை மடக்கிவிட்டால் தோளோடு தோள் ஒட்டி நிற்கலாம். களித்துகளின் படலமும் விரிந்த குடைபோலவே வேலை செய்கிறது. துகள்களுக்கிடையே ஒன்றையொன்று இழுக்கும் ஒரு சக்தியும் இயற்கையில் உண்டு. ஆனால் அது மிக அருகில் வந்தபின்னரே வலுப்பெறும். குடை விரிந்திருக்கும் வரையில் துகள்கள் அவ்வளவு அருகில் வருவதில்லை.

உப்பு செய்யும் வேலை இந்தக் குடையை மடக்குவதேயாகும். நீரில் அயனிகள் மிகுந்தால், துகளின் எதிர்மின்சாரத்தை ஈடுசெய்ய வேண்டியவை அதன் அருகிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன. படலம் பரந்து நிற்க அவசியமில்லாமல் சுருங்குகிறது. லிட்டருக்கு 0.06 கிராம் சமையலுப்பு கரைந்த நீரில் படலத்தின் கனம் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. உப்பை நூறு மடங்காக்கி, லிட்டருக்குச் சுமார் 6 கிராம் கரைத்தால், கனம் முன்னிருந்ததில் பத்தில் ஒரு பங்காகிறது. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளபடியால் குடை அநேகமாக முழுவதும் மடங்கிவிடுகிறது. அப்பொழுது இழுக்கும் சக்தி மேலோங்கித் துகள்கள் ஒட்டிக்கொள்ளுகின்றன.

இங்கே கவனிக்கத்தக்க அம்சம் ஒன்று உண்டு. உப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், கலங்கலும் சிறிது சிறிதாகத் தெளிந்துகொண்டே வரும் என்று எண்ணுதல் சரியன்று. ஒரு குறித்த அளவு வரையில் விசேஷ மாறுதல் ஒன்றும் தெரியாது; அவ்வளவைத் தாண்டியதும் விரைவாகத் திரட்சி ஏற்படும். அந்த எல்லை களியின் வகைக்கு ஏற்பவும் உப்பின் வகைக்கு ஏற்பவும் வேறுபடும். எல்லையின் இருபுறத்திலும் ஒரே மண் இருவேறு மண்ணாக நடந்துகொள்ளுகிறது.

அறிஞர்கள் கண்ட விதி

ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் பாரடே 1857இல் பொன்னை மிக நுண்ணிய துகள்களாக நீரில் மிதக்கச் செய்து, அந்தச் செந்நிற நீரில் சிறிது உப்பைச் சேர்த்தவுடன் அது நீலநிறமாக மாறக் கண்டார். துகள்கள் நெருங்கிக் கூடியதே நிறமாற்றத்தின் காரணம். பின்னர் 1882இல் ஷுல்ட்ஸே என்பவரும், 1900இல் ஹார்டி என்பவரும் எல்லா உப்புகளும் ஒரே பலனைத் தருவதில்லை என்று நிரூபித்தனர். சோடியம் அயனி ஒன்றுக்கு மின்சாரப் பங்கு ஒன்று, கால்சியம், மக்னீசியம் அயனிகளுக்கு இரண்டு, அலுமினியத்திற்கு மூன்று. மின்சாரப் பங்கு கூடக் கூட, திரட்டும் வல்லமை மிகப் பெரிய அளவில் கூடுகிறது.

ரஷ்யாவில் டெர்யாகின், லாண்டாவ் என்னும் இருவர் 1941லும், ஹாலந்து தேசத்தில் வெர்வே, ஓவர்பீக் என்னும் இருவர் 1948லும் இதற்குக் கணித ரீதியான விளக்கம் கண்டனர். அவர்கள் கணக்கின்படி, அயனிகளின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால், சோடியம் 729 பங்கு வேண்டியிருக்கும் இடத்தில் கால்சியம் சுமார் 11 பங்கும், அலுமினியம் ஒரே பங்கும் போதும். நடைமுறையில் இவ்விகிதம் மண்ணுக்கு மண் மாறுபடினும், வரிசை மாறுவதில்லை. சோடியம் கடைசி, கால்சியம் இடை, அலுமினியம் முதல்.

வீடுகளில் கலங்கல் நீருக்குப் படிகாரம் இடும் வழக்கத்தின் காரணமும் இதனால் ஒருவாறு விளங்கும். படிகாரத்திலுள்ளது அலுமினியம். அது துகளின் மின்சாரத்தை ஈடுசெய்வதோடு, நீரில் கூழ்போன்ற ஒரு பொருளாகப் படிந்து, துகள்களைத் தன்னுள் சிக்கவைத்துக்கொண்டும் இறங்குகிறது. ஆதலால் சிறிதளவே போதுமானதாயிருக்கிறது. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து நீரைத் தெளிவிக்கும் முறை கலித்தொகைக் காலத்திலேயே தமிழ் மக்கள் அறிந்தது. அக்கொட்டையில் உள்ள பசைப்பொருள்கள் துகளோடு துகளைப் பிணைக்கின்றன. ஆயினும் தெளிந்த நீர் யாவும் சுத்தமான நீர் ஆகாது. கலங்கல் நீங்கியபின்னும் காய்ச்சியே குடித்தல் வேண்டும்.

கழுவெளியில் நிகழ்வது

திண்டிவனம், வானூர் பகுதிகளிலுள்ள ஏரிகள் பலவற்றின் மிகுதி ஜலம் கழுவெளி என்னும் பெரிய உவர்நீர் ஏரியில் சேருகிறது. 2021ஆம் வருஷத்தில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இவ்வேரி, கடலோடு ஒரு குறுகிய முகத்துவாரத்தால் இணைந்துள்ளது. மழைக்காலத்தில் ஒரு பக்கமிருந்து ஏரிகளின் நன்னீரும், மறுபக்கமிருந்து கடலின் ஏற்றநீரும் வந்து கலக்கும்.

ஏரிகளிலிருந்து வரும் நீர் களியைச் சுமந்து வருகிறது. உப்பு நீரோடு கலக்கும் இடத்தில் அக்களி திரண்டு கட்டியாகி அடியில் படிகிறது. நதிகள் கடலோடு கூடும் முகத்துவாரங்களில் மெல்லிய சேறு படிந்து திட்டுகள் உண்டாவதற்கு, நீரோட்டம் தளர்வதோடு உப்பின் வேலையும் ஒரு காரணமாகும். இயற்கை மிகப் பெரிய அளவில் செய்து காட்டும் பரிசோதனை இது என்று சொல்லலாம்.

வயலில் இவ்விதி நடக்கும் முறை

நல்ல வயலின் மண் தூளாகவும் இராது. ஒரே பாளமாகவும் இராது. களித்துகள்கள் திரண்டு சிறு உருண்டைகளாகி, உருண்டைகளுக்கிடையே துவாரங்கள் இருக்கும். அத்துவாரங்களின் வழியாகவே நீர் இறங்கும், காற்று நுழையும், வேர் ஓடும். துகள்கள் பிரிந்து சிதறினாலோ, மழை நீரோடு சென்று துவாரங்களை அடைத்துவிடும். பிறகு மேலே நின்ற நீர் கீழே இறங்காது. ஈரமாயிருக்கையில் வழுவழுத்த சேறாகவும், காய்ந்தபின் ஏர் இறங்காத கட்டாந்தரையாகவும் நிலம் மாறும்.

துகள்களைச் சேர்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று, களியின்மேல் ஒட்டியுள்ள அயனி கால்சியமாக இருத்தல். மற்றொன்று, மண்ணிலுள்ள நீரில் போதிய உப்பு கரைந்திருத்தல். களியின்மேல் கால்சியம் இருந்தால், நீரில் உப்பு மிகக் குறைவாயிருந்தாலும் பெரும்பாலும் மண் சிதறுவதில்லை. களியின்மேல் சோடியம் ஏறிவிட்டாலோ, நீரில் உப்பு மிகுதியாக இருக்கும் வரையில்தான் மண் கூடியிருக்கும். உப்பு குறைந்த கணமே சிதறத் தொடங்கும்.

உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு என்று விவசாய சாஸ்திரிகள் பிரிப்பதன் தாத்பரியம் இங்கே விளங்கும். உவர் நிலத்தில் கரையும் உப்பு மிகுதி; பயிர் வாடும்; ஆனால் மண்ணின் அமைப்பு கெட்டிராது, நீரும் இறங்கும். களர் நிலத்தில் கரையும் உப்பு குறைவாக இருக்கலாம், களியின்மேல் சோடியம் மிகுந்திருக்கும், நீர் இறங்காது. அமெரிக்க உவர்மண் ஆராய்ச்சிச்சாலையார் 1954இல் வெளியிட்ட வரம்பின்படி, களி தாங்கியுள்ள அயனிகளில் சோடியம் நூற்றுக்கு 15 பங்கை எட்டினால் அது களர் நிலம் எனக் கொள்ளப்படும்.

உப்பும் சோடியமும் ஒருங்கே ஏறிய நிலமே மிகவும் ஏமாற்றக்கூடியது. பார்வைக்கு அது பொலபொலவென்றிருக்கும், நீரும் இறங்கும். சொந்தக்காரர் உப்பு ஒன்றே குற்றம் என்று எண்ணி, நல்ல நீரைப் பாய்ச்சிக் கழுவுவார். உப்பு நீங்கும், சோடியம் களியின்மேல் அப்படியே நிற்கும். குடைகள் எல்லாம் ஒருங்கே விரியும், மண் சிதறும், துவாரங்கள் அடைபடும். உவராயிருந்த நிலம் களராக மாறிவிடும். உவரைக் கழுவப் பாய்ச்சிய தண்ணீரே அதற்குக் காரணமாகும்.

கடல் நீர் புகுந்த நிலம்

கடலோர ஜில்லாக்களுக்கு இவ்வபாயம் தூரத்துச் செய்தியன்று. 2004ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி எழுந்த ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினம் முதலிய பகுதிகளில் விளைநிலங்களுள் கடல் நீர் புகுந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், இக்கரையும் கடலின் சீற்றத்திற்கு விலக்கன்று என்று நினைவுறுத்திச் சென்றது.

ஹாலந்து தேசத்தில் 1953 பிப்ரவரி முதல் தேதி கடற்கரைகள் உடைந்து, தென்மேற்குப் பகுதியிலுள்ள வயல்கள் கடல் நீரில் மூழ்கின. அதற்கு முன்னரே அத்தேசத்தார், கடல் வடிந்த களிநிலம் உப்போடு இருக்கும் வரையில் நன்றாகவே தோன்றும் என்பதையும், மழை பெய்து உப்பு கழுவப்பட்டபின்னரே அது குலைந்து போகும் என்பதையும் அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆகையால் வெள்ளம் வடிந்ததும் வயல்களுக்கு ஜிப்சம் இட்டனர்; ஈரக்களியை உழாது விட்டனர். உப்பு நீங்குமுன்பே கால்சியத்தை மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவர்கள் கைக்கொண்ட முறை.

கடல் மேலே ஏறி வந்தால்தான் தீங்கு என்பதில்லை. கரையோரக் கிணறுகளில் வரம்பின்றி நீர் இறைத்தால், நிலத்தடியில் கடல் நீர் உட்புகும். வேறு வகைக் கிணற்று நீரும் உண்டு: நாவிற்கு உப்புக் கரிக்காது, சோப்பு நன்றாய் நுரைக்கும், எனவே நல்ல நீர் என்று தோன்றும். சோப்பு நுரைப்பது அந்நீரில் கால்சியமும் மக்னீசியமும் குறைவென்பதற்கு அறிகுறி. அத்தகைய நீரில் சோடியமும் சோடாவின் இனமான காரமும் இருக்குமாயின், பல வருஷம் பாய்ச்சிய நிலம் களராகிவிடும். ஆகையால் நாவின் ருசியை மட்டும் நம்பாமல், பாசன நீரை மண்ணோடு சேர்த்துப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புதல் நலம்.

வீட்டிலேயே செய்யத்தக்க பரீட்சை

ஆஸ்திரேலியாவில் எமர்சன் என்னும் மண்ணியலார் 1967இல் வகுத்த முறை ஒன்று மிக எளிது. இதற்கு வேண்டியவை ஒரு கண்ணாடி டம்ளரும், சுத்தமான மழை நீரும், வயலில் எடுத்த உலர்ந்த மண்கட்டி ஒன்றுமே.

கொண்டைக்கடலை அளவுள்ள மண்கட்டியை நீரில் மெதுவாக இட்டு, டம்ளரை அசையாமல் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்தும் மறுநாளும் பார்க்க வேண்டும். கட்டி உடைந்து உதிர்ந்தும் சுற்றியுள்ள நீர் தெளிவாகவே இருந்தால், துகள்கள் சிதறவில்லை. அது களரின் அடையாளமன்று. கட்டியைச் சுற்றிப் பால் கரைந்தாற்போல் வெண்மையான அல்லது மண்நிறமான மூட்டம் பரவினால், களி சிதறுகிறது என்றும், சோடியம் மிகுந்திருக்கலாம் என்றும் கொள்ள வேண்டும்.

இப்பரீட்சையைக் கிணற்று நீரில் செய்தல் கூடாது. கிணற்று நீரில் உப்பு இருக்குமானால், அதுவே களியைச் சேர்த்துவைத்து, உள்ள குறையை மறைத்துவிடும். வயலின்மேல் பெய்யப்போவது மழை நீர். ஆதலின் மழை நீரிலேயே சோதித்தல் வேண்டும்.

மூட்டம் பரவிய நீரை மூன்று டம்ளர்களில் சமமாகப் பகிர்ந்து, ஒன்றில் ஒன்றும் இடாமலும், மற்றொன்றில் ஒரு சிட்டிகை சமையலுப்பும், மூன்றாவதில் ஒரு சிட்டிகை ஜிப்சத் தூளும் இட்டுக் கலக்கி வைத்தால், இக்கட்டுரையில் கூறிய யாவும் கண்ணெதிரே விளங்கும். முதல் டம்ளர் கலங்கியே நிற்கும், மற்றவை தெளியும். சமையலுப்பும் ஜிப்சமும் டம்ளரில் ஒரே வேலையைச் செய்கின்றன. வயலிலோ ஒன்று பயிரை வாட்டிச் சோடியத்தைப் பெருக்கும். மற்றொன்று சோடியத்தை வெளியேற்றும்.

களர் நிலத்தைத் திருத்தும் முறை

ஜிப்சத்தில் கால்சியம் உள்ளது. லிட்டர் நீரில் சுமார் 2.4 கிராம் வரையில்தான் கரையும். எனினும் களியைத் திரட்டுவதற்கு அவ்வளவு கால்சியம் தாராளமாகப் போதும். கால்சியம் களியின்மேலிருந்த சோடியத்தைப் பெயர்த்து அவ்விடத்தில் தான் ஒட்டிக்கொள்ளும். பெயர்ந்த சோடியம் நீரில் கரைந்து நிற்கும். அதனை வடிகால் வழியாக வெளியேற்றினால் வேலை முடிந்தது. வடிகால் இல்லையேல் சோடியம் வயலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இட்ட ஜிப்சமும் வீணாகும்.

ஆகவே வேலைகளின் வரிசை முக்கியம். முதலாவது, மண்ணையும் நீரையும் பரிசோதனைக்கு அனுப்பி, எவ்வளவு ஜிப்சம் தேவை என்று அறிதல். ஓர் ஏக்கரில் அரையடி ஆழத்திலுள்ள மண்ணின் எடை ஏறக்குறைய 900 டன். ஆகையால் கூடைக்கணக்கில் இட்டு ஓய்ந்துவிட முடியாது. தேவை பெரும்பாலும் டன் கணக்கில் இருக்கும். இரண்டாவது, வயலைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, வடிகால் வெட்டுதல். மூன்றாவது, ஜிப்சத்தைத் தூளாக்கிச் சமமாகத் தூவி, மேல்மண்ணோடு கலத்தல். நான்காவது, அதன்பின்னரே நல்ல நீரைத் தேக்கி, ஊறவைத்து, வடித்தல். ஓர் ஏக்கரில் இட்ட ஒரு டன் ஜிப்சம் வெறும் நீரில் முழுவதும் கரைய ஏறக்குறைய 4 அங்குல உயரம் நீர் வேண்டும். ஆகையால் ஒரே தடவையில் முடித்துவிட நினையாமல், பலமுறை தேக்கி வடித்தல் அவசியம். ஐந்தாவது, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப்பயிர் விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதல். களரைத் தாங்கி விளையத்தக்க திருச்சி 1, திருச்சி 3 என்னும் நெல் ரகங்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டிருக்கின்றனர். நிலம் திருந்திவரும் வருஷங்களில் அவை உதவும்.

உப்பளத்திலும் ஜிப்சம் உண்டாகிறது என்பதை அறிந்திருத்தல் நன்று. கடல் நீர் வெயிலில் சுண்டும்போது, சமையலுப்பு விளைவதற்கு முந்தியே ஜிப்சம் பாத்திகளில் படிந்துவிடும். அதை வாங்கி உபயோகிப்போர், அதில் சமையலுப்பு ஒட்டியிருக்கக்கூடுமாதலால், பரிசோதித்து, வேண்டுமாயின் கழுவியபின்பே நிலத்தில் இட வேண்டும்.

சங்கத்தால் ஆகத்தக்கது

மேற்கூறிய வேலைகளில் சில ஒரு குடியானவர் தனித்துச் செய்யக்கூடியவை அல்ல. ஒருவர் வயலிலிருந்து வடியும் சோடிய நீர் அடுத்தவர் வயலில் நின்றால், ஒருவர் குறை மற்றொருவர் தலையில் ஏறும். வடிகால், வாய்க்கால் கடைசி வரையில் ஒரே முகமாக வெட்டப்பட வேண்டும். ஜிப்சம் ஒரு லாரியாக வரவழைப்பதும், பத்துப் பேர் தனித்தனியே மூட்டையாக வாங்குவதும் செலவில் ஒன்றாகா. திருத்தும் வருஷத்தில் விளைச்சல் குறைவாயிருக்கும் என்பதால், கடனின் தவணையும் அதற்கேற்ப அமைந்தால்தான் அங்கத்தினர் துணிந்து இறங்குவர். கிணற்று நீரை அளவோடு இறைக்கும் கட்டுப்பாடும் ஊரார் யாவரும் ஒப்பினால் மட்டுமே நிற்கும்.

ஒவ்வொரு சங்கமும் தன் பொதுக்கூட்டத்தில் இந்த டம்ளர் பரீட்சையை அங்கத்தினர் முன்னிலையில் செய்து காட்டலாம். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வயலிலிருந்து ஒரு மண்கட்டி கொண்டுவந்தால் போதும். யாருடைய டம்ளரில் மூட்டம் பரவுகிறதோ, அவருடைய மண்ணை முதலில் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பலாம். அதன் முடிவு வந்து, மண்ணுக்கு வேண்டிய கால்சியத்தை இட்டபின்பே அந்நிலத்தைக் கழுவத் தொடங்க வேண்டும்.